மாமன் மடி

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள் தம்பி. கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் நமக்கே நமக்கென்று கொடுக்க மாட்டார்கள். எப்படி வாங்கினோமோ அப்படியே திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். அது என்ன?

யோசியுங்கள். அவசரம் இல்லை. அடிலெய்டு போய்ச் சேர இன்னும் எட்டு மணி நேரம் ஆகும் என்று டிரைவர் சொன்னான். நீங்கள் பஸ் ஏறும்போது போனில் உங்கள் அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது. நம் ஆள்தான் என்று தெரிந்ததும் இந்த இடத்தைப் பிடித்து வைத்தேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், கட்டுப்போட்ட கை இடிக்கிறது.

தெரியவில்லையா? வாடகைக் கார்! நானே கட்டிய விடுகதை. சனிக்கிழமை காரில் போகும்போது என் தங்கச்சி மகளிடம் இதைத்தான் போட்டேன். முகிலா என்று பெயர், ஏழு வயது. என்ன பதில் சொன்னாள் தெரியுமா? "நான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ எப்படிம்மா?" என்று கேட்டேன். "பார்க்குக்கு கூட்டிட்டுப் போறப்ப அம்மா உங்ககிட்ட அப்படித்தானே சொன்னாங்க" என்றாள். பதில் தப்பு, தோற்றுவிட்டாய் என்றேன். என் தங்கச்சி வளர்மதி சிரிக்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே விடுகதை பிடிக்காது.

நான் கோபக்காரன் இல்லை, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் சௌந்தரபாண்டி. ஊர் வேடசந்தூர் பக்கம். இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. அடிலெய்டுக்கு வெளியே ஒரு கறி ஆலையில் வேலை. முதல் இரண்டு வருடம் ஆடு அறுக்கிற இடம். இப்போது எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற இடம். கோபக்காரன் கையில் அந்தக் கத்தியைக் கொடுப்பார்களா? பொறுமை வேண்டும். கை அளந்து போக வேண்டும்.

என் மாப்பிள்ளை, அதாவது வளர்மதியின் வீட்டுக்காரர், தினகரன். நர்ஸ் வேலை. வயதான வெள்ளைக்காரர்களைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது. நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலை செய்து செய்து அவரும் ஒரு கிழவராகிவிட்டார். எதற்கெடுத்தாலும், "பார்த்துக்கலாம் மச்சான், மெதுவா மச்சான்."

முகிலா பிறந்தபோது மூச்சுத் திணறல். பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் ஊரில் இருந்தேன். பிள்ளை பிழைத்தால் முருகன் சன்னதியில் என் மடியில் வைத்துக் காது குத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? அது என் உரிமை இல்லையா? ஒரு வயதில் விசா கிடைக்கவில்லை. மூன்று வயதில் விமானமே ஓடவில்லை. ஐந்து வயதில் எனக்குப் புது வேலை, லீவு இல்லை. இப்போது ஏழு. வருகிற புதன்கிழமை எட்டு ஆகிவிடும். ஒற்றைப்படை வயதில் அல்லவா குத்த வேண்டும்?

இதை மாப்பிள்ளையிடம் சொன்னால், "இங்கயே கடையில குத்திடலாமே மச்சான். துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. ஒரு நொடிதான். பாப்பாவுக்கு ஊசின்னா பயம்" என்கிறார். துப்பாக்கி! என் மருமகளை யாரோ ஒருத்தி துப்பாக்கியால் சுடுவாளாம், நான் ஓரமாக நின்று கைதட்ட வேண்டுமாம். சரி, கோயிலிலேயே வைத்துக்கொள்வோம், அடிலெய்டிலேயே கோயில் இருக்கிறதே என்றார். அது பிள்ளையார் கோயில். தம்பிக்கு நேர்ந்துகொண்டதை அண்ணன் சன்னதியில் முடிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள். மெல்போர்ன் முருகன் கோயிலில் பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிறு வேறு விசேஷம் என்றார்கள். மிச்சம் இருப்பது சிட்னி முருகன். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். "அவ்வளவு தூரமா மச்சான்? ஒரு காதுக்காகவா?" என்றார்.

ஒரு தட்டுத் தட்டினேன். அடி இல்லை தம்பி, தட்டு. மூக்குக் கண்ணாடி அவருக்குச் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, கீழே விழுந்து ஒரு பக்கம் உடைந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்வது? மறுநாளே வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டார். பேசிப் புரிய வைத்தால் புரிந்துகொள்கிறவர்தான்.

பெரிய கார். ஏழு பேர் உட்காரலாம். அவருடைய பழைய கார் அவ்வளவு தூரம் தாங்காது. ஓட்டுகிறவர் என்று அவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். என் பெயரையும் போடலாமே என்றேன். மறந்துவிட்டேன் என்றார். வெள்ளிக்கிழமையே கிளம்பலாம் என்று சொன்னார். எனக்கு சனிக்கிழமை காலை ஷிஃப்ட், விட முடியுமா? பதினோரு மணிக்குத்தான் கிளம்பினோம். இப்போது என்னால்தான் தாமதம் என்று பேசுகிறார்கள்.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். முகிலா என் பக்கத்தில் வந்து, "மாமா, ரத்தம் நிறைய வருமா?" என்று கேட்டாள். பிள்ளை பயப்படுகிறதே, தைரியம் சொல்ல வேண்டாமா? "ஒரு சொட்டு. மாமா ஒரு நாளைக்கு எவ்வளவு ரத்தம் பாக்குறேன், என் பூட்ஸே முங்கிடும். இதெல்லாம் ஒரு ரத்தமா?" என்றேன். "நான் அசைஞ்சுட்டா?" என்றாள். அசையவே முடியாது என்று காட்டினேன். ஆட்டைப் பிடிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. தலையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துத் தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு பெரிய கிடாயாக இருந்தாலும் அப்படியே நின்றுவிடும். அவள் தலையை அப்படிப் பிடித்துக் காட்டினேன். சத்தமே போடவில்லை. தைரியசாலி! அதற்கப்புறம் கார் சீட் கொஞ்சம் ஈரமாகிவிட்டது. வளர்மதி உடை மாற்றிவிட்டாள். தண்ணீர் பாட்டில் கொட்டியிருக்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு பால்ரனால்ட் என்கிற சின்ன ஊர். மாப்பிள்ளை காரை ஒரு மோட்டல் வாசலில் நிறுத்திவிட்டார்.

"என்ன மாப்ள?"

"இருட்டப் போகுது மச்சான். இருட்டினதுக்கு அப்புறம் ஊருக்கு வெளிய ஓட்டக்கூடாதுன்னு கார்க்காரங்க எழுதி வாங்கியிருக்காங்க."

"இந்தப் பொட்டல்ல எவன் வந்து பாக்கப் போறான்?"

"அதுக்கில்ல. கங்காரு குறுக்க வரும். பிள்ளையை வச்சுக்கிட்டு வேணாம்."

"ஒம்போது மணிக்கு முகூர்த்தத்தை வச்சுக்கிட்டு இங்க படுத்துத் தூங்கச் சொல்றீங்களா? உங்க வீட்டு விசேஷம்னா இப்படித் தூங்குவீங்களா?"

"அண்ணே," என்று வளர்மதி ஆரம்பித்தாள். "நீ பேசாத" என்றேன். சாவியைக் கேட்டேன். மாப்பிள்ளை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டார். ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி வாங்கினேன். சுண்டு விரலில் லேசாகச் சத்தம் வந்தது. அவர் கத்தவில்லை. பின்சீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நன்றாக ஓட்டுவேன் தம்பி. இந்தச் சாலையைத்தான் நீங்களே பார்க்கிறீர்களே, கோடு போட்ட மாதிரி. மரம் இல்லை, மேடு இல்லை, வளைவு இல்லை. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நூற்றிருபதில் போய்க்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறையுங்கள் என்று மாப்பிள்ளை இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தபோது அது வந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சாம்பல் நிறம், ஆள் உயரம். முன்பக்கம் இடித்து, மேலே எழும்பி, கண்ணாடியில் மோதி, முன்னால் ரோட்டில் போய் விழுந்தது. கண்ணாடி முழுக்க விரிசல். ஒரு விளக்கு போய்விட்டது. ஆனால் ஸ்டீயரிங்கை நான் விடவில்லை. வேறு யாராவது ஓட்டியிருந்தால் நாங்கள் நாலு பேரும் போயிருப்போம். அதை இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை.

இறங்கிப் பார்த்தேன். உயிர் இருந்தது. பின்னங்கால் இரண்டும் முறிந்து, முன்கையால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி எழுந்திருக்கப் பார்த்தது. ஒரு மாதிரி இருமல் சத்தம். டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தேன். "மச்சான், வேணாம். இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க, போன் பண்ணலாம். பிள்ளை பாக்குது" என்று மாப்பிள்ளை குறுக்கே வந்தார். போனில் சிக்னல் இல்லை. துடிக்கிற உயிரைப் பார்த்துக்கொண்டு நிற்பதா இரக்கம்? எனக்குத் தெரிந்த வேலை இது. அவரைத் தள்ளிவிட்டேன். மிச்சம் இருந்த ஒரு விளக்கின் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. வசதியாக இருந்தது. முதல் அடி சறுக்கிவிட்டது, காதோரம் பட்டது. ஆலையில் என்றால் அப்படி ஆகாது. சரியான கருவி இருக்கும். இரண்டாவது அடியில் கண் போனது. மூன்றாவதில் முடிந்தது. என் சட்டையைத் தவிர வேறெங்கும் தெறிக்கவில்லை. சுத்தமான வேலை.

வண்டிக்குத் திரும்பினால், முகிலா பின்கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். அழவில்லை. "அப்பா, பையைப் பாக்கணும். ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. அம்மா செத்தாலும் பைக்குள்ள குட்டி இருக்கும்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, ஏறு" என்றேன். மாப்பிள்ளை ஏறவில்லை. போய் முட்டி போட்டு, அந்த ரத்தத்துக்குள் உட்கார்ந்து, வயிற்றுப் பைக்குள் கையை விட்டார். நோயாளிக்குத் துணி மாற்றுவதுபோல அவ்வளவு மெதுவாக. எடுத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. முடி இல்லை. உரித்த எலி மாதிரி இருந்தது, காலும் வாலும் மட்டும் நீளம். வாயைத் திறந்து திறந்து மூடியது.

அவர் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினார். "இதுக்கு உடனே சூடு வேணும். அடுத்த ஊர் ஹே. அங்க ஆஸ்பத்திரில கேட்டா, இதைப் பாத்துக்கிற ஆளு யாருன்னு சொல்லுவாங்க. அங்கயே நின்னுடுவோம்" என்றார்.

"முகூர்த்தம்?"

"இந்தக் கண்ணாடியோட சிட்னிக்குப் போக முடியுமா மச்சான்? முகூர்த்தம் போச்சு."

போச்சு என்றார் தம்பி! ஏழு வருடம் காத்திருந்தவனிடம். ஒரு எலிக்காக. அது பிழைக்கவே பிழைக்காது. என்னிடம் கொடுங்கள், டயரில் ஓர் அடி, ஒரு நொடியில் முடித்துவிடுகிறேன், அதற்கும் நல்லது நமக்கும் நல்லது என்றேன். அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாயில் குத்தினேன். அப்போதும் விடவில்லை. இன்னொன்று குத்தினேன். விழுந்தார். விழும்போதும் கையைத் தூக்கியே வைத்திருந்தார், குட்டி தரையில் படாமல். அந்த உயரத்தில் இருந்ததால் எடுப்பது சுலபமாகிவிட்டது. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். கோழிக்கால் மாதிரி, சூடாக.

"மாமா."

திரும்பினேன். முகிலா காரை விட்டு இறங்கி எனக்கு எதிரில் நிற்கிறாள். அவள் அம்மா பின்னாலிருந்து இழுக்கிறாள், இவள் வரமாட்டேன் என்கிறாள்.

"என்னம்மா?"

"அதை அப்பாகிட்ட குடுங்க. நான் உங்க மடியில உக்கார்றேன். காது குத்திக்கிறேன். அழ மாட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது தம்பி. பெற்றவர்கள் இரண்டு பேரும் வேண்டாம் என்று நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் மாமன் மனது தெரிந்திருக்கிறது. அதுதான் ரத்த பாசம். உடனே குட்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாயிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது, வாங்கிக்கொண்டார்.

முகிலாவுக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று போனேன். வளர்மதி அவளைத் தூக்கி உள்ளே போட்டு, தானும் ஏறிவிட்டாள். கதவு இடுக்கில் கையை வைத்துக் குனிந்தேன். கதவைச் சாத்தினாள். அவள் பார்த்திருக்க மாட்டாள். இருட்டு வேறு. இந்த இரண்டு விரலும் அப்போது போனவைதான். நான் போட்ட சத்தத்தில் திறந்தாள். திறந்துவிட்டு, மறுபடியும் சாத்தினாள். ஆஸ்பத்திரியில் காற்று அடித்துச் சாத்திவிட்டது என்று சொல்லிவிட்டேன். தங்கச்சியை விட்டுக்கொடுக்க முடியுமா? முதல் தடவை பார்க்கவில்லை, சரி. இரண்டாவது தடவை எதற்கு என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

மாப்பிள்ளைதான் ஓட்டினார். முப்பதில், நாற்பதில். தலையை வெளியே நீட்டி ஓட்டினார். குட்டி முகிலாவின் பனியனுக்குள். ஹே ஊர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்டார்கள். அவருக்கு உதட்டில் நாலு தையல். இந்த மாதிரிக் குட்டிகளை வளர்க்கிற ஒரு வெள்ளைக்காரம்மா தலையணை உறையோடு வந்து குட்டியை வாங்கிக்கொண்டு போனாள். வாடகைக் கார்க்காரர்கள் போனில் யார் ஓட்டினீர்கள் என்று கேட்டார்கள். நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்று சொல்லிவிடுங்கள் என்று மாப்பிள்ளைக்கு ஜாடை காட்டினேன். அவர் என் பெயரைச் சொன்னார். எழுத்து எழுத்தாகச் சொன்னார். பாருங்கள், ஒரு குடும்பத்துக்குள் இவ்வளவுதான்.

ஞாயிறு காலை. மோட்டல் அறை. எட்டரை மணிக்கே குளித்துவிட்டு, கிழக்கு பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கோயில் இல்லாவிட்டால் என்ன, முகூர்த்தம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே? முருகன் படம் போனில் இருந்தது. கம்மலை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

"பிள்ளை வாக்குக் கொடுத்திருக்கு. கூப்பிடுங்க" என்றேன்.

"அண்ணே, மனுசனா நீ?" என்றாள் வளர்மதி. "அவ பக்கத்துல போனா, இன்னொரு கையும் இருக்காது." ராத்திரி தூக்கம் இல்லாதவள், ஏதோ பேசினாள்.

மாப்பிள்ளை அவள் அளவுக்குப் பேசவில்லை. வாய் வீங்கியிருந்தது. மகள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "பாப்பா, பயத்துல சொன்னது கணக்கே இல்ல. நீ குத்திக்க வேணாம். மாமாவை நாங்க பாத்துக்கறோம். நீ என்ன சொல்றியோ அதான்" என்றார்.

முகிலா கொஞ்ச நேரம் அவர் உதட்டுத் தையலையே பார்த்தாள். "குட்டி உயிரோட இருக்கா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை அந்த வெள்ளைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். இருக்கிறது, மூன்று தடவை பால் குடித்தது, பிழைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும் என்றாள்.

"அப்ப குத்துங்க" என்றாள்.

வளர்மதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் ஊசியும் மருந்தும் பஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார். அவரே குத்துவதாகச் சொன்னார், நானும் விட்டுக்கொடுத்தேன். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முகிலா தானாக நடந்து வந்து என் மடியில் உட்கார்ந்தாள். மடி நுனியில். சாய்ந்துகொள் என்றேன், சாயவில்லை. இடது கையால் தலையைப் பிடிக்கப் போனேன். "புடிக்க வேணாம் மாமா" என்றாள். ஆனால் முதுகு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர்.

மாப்பிள்ளை குத்தினார். அசையவில்லை. அழவில்லை. ஒரு சொட்டு ரத்தம், நான் சொன்ன மாதிரியே. கம்மலை மாட்டித் திருகினார். நான் முருகா என்றேன்.

அடுத்த காதுக்காக அவளைத் திருப்பி உட்கார வைக்கப் பார்த்தேன். இறங்கிவிட்டாள்.

"இன்னொரு காது, முகிலா?" என்றேன்.

"குட்டி ஒண்ணுதானே மாமா" என்றாள். இன்னொரு காதைக் குத்திக்கொள்ளவில்லை.